கடுக்காய்க் கருவியும் நாற்பத்தேழு பார்வைகளும்

போன வாரம் என் மாமனாரின் மொபெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த எங்கள் ஊர் வாசகர் ஒருவர், "மொபெட் கிடக்கட்டும், நீங்கள் ஏதோ மிஷின் கண்டுபிடித்தீர்களாமே, அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். மறைப்பது என்பது மிகச் சரியான சொல். எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் தார் இளகி, செருப்பு ஒவ்வோர் அடிக்கும் யோசித்துவிட்டுத்தான் தரையை விட்டது. கையில் மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிப்பிஞ்சு, பாதி தின்றது. அப்போது போன் அடித்தது. சென்னையிலிருந்து நிவேதிதா. என் காப்புரிமை விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்ய ஒப்புக்கொண்ட முகவர். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் குரல் கேட்டால் நான் உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவேன்.

"சார், நாளைக்குத் தாக்கல் பண்றோம். கடைசியா ஒரே ஒரு கேள்வி. இந்த மிஷினை இதுக்கு முன்னாடி பொதுவுல யாருக்காவது காட்டினீங்களா? வித்தீங்களா? எங்கயாவது எழுதினீங்களா?"

"கள்ளக்குறிச்சி கள்ளக்குறிச்சி! சீட்டு காலியா கீது, ஏறு ஏறு!" என்று என் காதருகே நடத்துநர் கத்தினார்.

"இல்லைம்மா," என்றேன். வெள்ளரிப்பிஞ்சை இன்னொரு கடி கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சீட்டு இல்லை.

அந்த மத்தியானம் அந்த இடத்தில் பொய் சொன்னவர்கள் இரண்டு பேர். நடத்துநருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும்.

கறுத்த விரல்கள்

நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவன். சேர்க்கைக் காலம் வந்தால் எங்களைப் பிள்ளை பிடிக்க மலைக்கு அனுப்புவார்கள். விண்ணப்பப் படிவங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கம் உர மூட்டைக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து கல்வராயன் மலை ஏறுவேன். ஒவ்வொரு வளைவிலும் கோழிகள் என் மேல் சாய்ந்து மன்னிப்புக் கேட்டன. மூட்டை கேட்கவில்லை.

அப்படி ஒரு முறை வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அண்ணாமலை என்பவர் வீட்டுக்குப் போனேன். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். மகனைச் சேர்க்கச் சம்மதித்தார். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நான் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு தட்டைக் கல். கையில் ஒரு உருண்டைக் கல். பக்கத்தில் காய்ந்த கடுக்காய்க் குவியல். ஒன்றை எடுத்து வைத்து ஓங்கி ஒரு அடி. தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். அடுத்தது. தோலுக்குத்தான் விலை, கொட்டை வீண். கொட்டையும் சேர்ந்து நொறுங்கிவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பான். அதனால் அடியில் ஒரு அளவு வேண்டும். அளவு தப்பினால் விரல்.

"எத்தன அடி படுதோ அத்தனையும் கடுக்காமேல படாது சார்," என்று அந்த அம்மா கையைக் காட்டிச் சிரித்தார். விரல் நுனிகள் கறுத்து, இரண்டு நகங்கள் பாதிதான் இருந்தன.

நான் மலையிறங்கும்போது ஒரு படிவமும், ஒரு பை கடுக்காயும், ஒரு பிரச்சினையும் என்னோடு இறங்கின.

முதலில் இரும்பில் செய்தேன். இரண்டு தகடு, ஒரு கைப்பிடி. அழகாக உடைத்தது. மழைக்காற்றின் ஈரத்தில் கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தோலெல்லாம் மைக்கறுப்பு. எழுதுவதற்கு மை வேண்டுமானால் நல்ல கண்டுபிடிப்பு. பிறகு புளிய மரத்தில் பலகை செய்து, ஒன்றுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்தேன். தோல் விரிசல் விட்டதும் ஸ்பிரிங் பின்வாங்கும், கொட்டை பிழைத்துக்கொள்ளும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். கண்டுபிடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இடையில் கெட்டுப்போன மாதிரிகளை என் மனைவி ஸ்டெல்லா கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினாள். ஐந்து கதவுகளுக்கும் ஆளுக்கொன்று உண்டு.

சாதாரணத் திறமை உள்ள ஆள்

காப்புரிமைச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் ஒருவர் இருக்கிறார். "துறையில் சாதாரணத் திறமை உள்ள ஆள்". பெயர் கிடையாது. ஊர் கிடையாது. உலகத்தில் வெளிவந்த அத்தனையும் படித்திருப்பார், ஆனால் சொந்தமாக ஒன்றும் தோன்றாது. நம் கண்டுபிடிப்பை அவரிடம் காட்டினால், "இது எனக்கே தோன்றியிருக்குமே" என்று அவர் சொல்லக்கூடாது. சொன்னால் காப்புரிமை இல்லை.

எனக்கு இவரைத் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையில் என் எதிர் நாற்காலியில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

விண்ணப்பத்தின் மொழியும் தனி அழகு. "ஒரு கைப்பிடி, மேற்சொன்ன கைப்பிடியோடு இணைந்த ஒரு பலகை, மேற்சொன்ன பலகையின் பின்னால் மேற்சொன்ன ஸ்பிரிங்." இதைப் படித்த பிறகு ஒரு வாரம் நான் வீட்டில், "மேற்சொன்ன குழம்பில் உப்புக் கம்மி" என்று பேசிக்கொண்டிருந்தேன். மேற்சொன்ன மனைவி பேசவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், காப்புரிமைக் காகிதம் வந்தால் இதை வரிசையாகச் செய்து மலைக்கு அனுப்புகிறேன், காகிதம் இல்லாமல் கைவைக்க மாட்டேன், நாளைக்கே நாலு பேர் காப்பியடிப்பான் என்று சொல்லிவிட்டார். இது சொல்லத்தக்க காரணம். சொல்லத்தகாத காரணம்: ஐம்பது தாண்டியும் என் பெயர் போட்டு அரசாங்கம் அனுப்பிய காகிதங்கள் எல்லாம் விளக்கம் கேட்டு வந்தவை. ஒன்றே ஒன்று வேறு மாதிரி வராதா என்ற ஆசை.

முதல் பலன்

இனிமேல்தான் மறைத்த பகுதி.

ஒழுங்காக வேலை செய்த முதல் கருவியை நான் துடைத்து, எண்ணெய் போட்டு, கூடத்தில் வைத்த அன்று ஸ்டெல்லா கேட்டாள்:

"அறுப்பின் பண்டிகைக்கு இத எடுத்துகினு போலாமாங்க?"

"இதை எதுக்கு?"

"மொத கதிரு கோயிலுக்கு, மொத காய் கோயிலுக்கு, கோழி போட்ற மொத முட்ட கூட கோயிலுக்கு. மொத மிஷினு மட்டும் நம்ம வூட்டுக்கா? இன்னா நியாயம் இது?"

எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கம் தெரியாதவர்களுக்கு: விளைந்ததில் முதலாவதை ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அத்தனையும் ஏலம் போகும். வாங்கியவரே திரும்பக் கொடுத்து, அதே பூசணிக்காய் மூன்று முறை ஏலம் போவதும் உண்டு. அது வியாபாரம் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. சாமிக்குக் கொடுத்ததை எவனாவது விற்பனை என்பானா?

எங்கள் ஏலக்காரர் தாவீது அண்ணன். கோயில் மணி அடிப்பதும் பாய் விரிப்பதும் அவர் வேலை. வருடம் முழுக்க உம்மென்று இருப்பவர், ஏலத்தன்று மட்டும் வேறு ஆள். அந்த வருடம் பலாப்பழம், கரும்புக்கட்டு, சேவல் எல்லாம் முடிந்து என் கருவி வந்தது.

"அடுத்து இன்னா வருதுன்னு பாருங்க! நம்ம சாமுவேல் வாத்தியாரு செஞ்ச மிஷினு! இது இன்னாத்துக்குன்னு எனக்கும் தெரியாது, அவரே வந்து சொல்லட்டும். வாத்தியாரே, மைக்க புடிங்க!"

மைக்கைப் பிடித்தேன். ஆசிரியன் கையில் மைக் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று அந்தச் சபை அன்று தெரிந்துகொண்டது. ஏழு நிமிடம் பேசினேன். நாலு திருகாணியையும் கழற்றி ஸ்பிரிங் எங்கே, பலகை எங்கே, எது எதைத் தள்ளுகிறது என்று தூக்கித் தூக்கிக் காட்டினேன். பிறகு மாட்டி, கடுக்காய் போட்டு, கைப்பிடியை அழுத்தினேன். கொட்டை தெறித்து என் நெற்றியில் பட்டது.

"பாத்தியா, கொட்டைய தனியா எடுத்துருச்சி!" என்றார் தாவீது அண்ணன். "வாத்தியாரு மண்டையிலயும் எதனா கீதான்னு பாத்துச்சி, ஒண்ணும் கெடைக்கல!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தோள் குலுங்க, மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்தலே சிரித்தது.

எலுமிச்சம்பழத்துக்கு முண்டியடித்த சபை, என் கருவிக்கு விலை கேட்டதும் மௌன ஜெபத்தில் இறங்கிவிட்டது. மலைக்குக் கீழே கடுக்காய் யாருக்கு வேண்டும்? கடைசியில், எனக்குக் கடுக்காய் கொண்டுவந்திருந்த அண்ணாமலை பின்வரிசையில் கை தூக்கினார். அவரே எடுத்துக்கொண்டு மலையேறினார். சில வாரம் கழித்துப் போன் செய்து, "பெருசு சிக்கிக்கிது சார், சின்னது நழுவிகினு போவுது," என்றார். அதற்காக இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகுச் சக்கரம் சேர்த்தேன். அதன் பிறகுதான் காப்புரிமை என்ற நினைப்பே வந்தது. நிவேதிதாவும் வந்தார்.

நாற்பத்தேழு

தாக்கல் ஆயிற்று. காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை வெளியிட்டது. ஆட்சேபங்களோடு தேர்வறிக்கை வந்தது. பதில் போனது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு நிவேதிதா அழைத்தார்.

"வீடியோலதான் ஹியரிங் சார். பயப்பட ஒண்ணும் இல்ல. எதுக்கும் இன்டர்நெட்ல உங்க பேரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க."

"என் பேரில் என்னம்மா இருக்கப்போகுது? நான் என்ன சினிமா நடிகனா?"

தேடினேன். முதலாவதாக வந்தது நான்தான்.

எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். பண்டிகைச் சமயத்தில் புதிதாக வந்திருந்த இளைஞர். வந்ததும் சபைக்கு யூடியூப் சேனல் தொடங்கியிருந்தார். "அறுப்பின் பண்டிகை ஏலம், பாகம் இரண்டு. சாமுவேல் வாத்தியாரின் அற்புத கடுக்காய் மிஷின்." ஏற்றிய தேதி, நான் தாக்கல் செய்ததற்கு ஐந்து மாதம் முந்தையது. கீழே, நாற்பத்தேழு பார்வைகள்.

தேதியை மறுபடி படித்தேன். மாறவில்லை.

தாக்கலுக்கு முன் கண்டுபிடித்தவனே ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதியது ஆகாது. விற்றால் இன்னும் மோசம். நான் இரண்டையும் ஒரே பந்தலில், ஒலிபெருக்கி வைத்து, செய்திருக்கிறேன். "பொதுவில் காட்டினீங்களா" என்ற கேள்விக்கு வெள்ளரிப்பிஞ்சு தின்றபடி "இல்லை" என்றும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் பார்த்தேன். நாற்பத்தொன்பது. ஒன்று நான் நேற்றுப் பார்த்தது. இன்னொன்று யார்? அதற்கடுத்த நாள் ஐம்பத்திரண்டு. பயந்து பயந்து பார்க்க, பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறியது. பயிற்சிப் பட்டறையில் அரம் பிடித்தாலும் கண்முன் இதுதான். சென்னையில் அதிகாரி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் திருகாணிகளை எண்ணுகிறார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரன் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறான். யாரோ ஒருவர் தினமும் பார்க்கிறார். அது மட்டும் நிச்சயம்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அத்தன பேரு முன்னாடி மைக்குல கத்திட்டு, யாருக்கும் காட்டலன்னு சொன்னீங்களா?" என்றாள்.

"சாமிக்குக் கொடுத்ததுதானே?"

"சாமி கண்ண மூடிகினு இருந்திருக்கும். கேமரா தெறந்துகினு இருந்துச்சே."

பத்துக் கட்டளைகளை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வீடியோவை அழிப்பதைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. நேரே ஐயரிடம் போனேன். காரணத்தைச் சொல்லவில்லை. கூச்சமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்துடலாம் சார், ஒரு நிமிஷ வேலை," என்றார். "ஆனா எஸ்தரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க. அதுல தாவீது அண்ணன் இருக்காரு இல்ல."

தாவீது அண்ணன் போன மழைக்கு முன் இறந்துபோனார். மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எஸ்தரக்கா அவர் மனைவி.

எஸ்தரக்கா வீட்டில்

சாயங்கால வெயில் ஷீட்டுக் கூரையைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எஸ்தரக்கா முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். ஓடு உடையும் சத்தம் கேட்டதும் என் மூளை பழக்கதோஷத்தில் இடைவெளியைக் கணக்குப் போட்டது.

"வாங்க தம்பி, ஒக்காருங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

"சும்மாதான்க்கா."

"சும்மா வர்ற ஆளா நீங்க? ஸ்டெல்லா நல்லா கீறாளா? மொகம் ஏன் இப்டி வாடிக் கெடக்குது? சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?"

வரும் வழியெல்லாம் வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். அக்கா, ஒரு சின்ன உதவி. மேற்சொன்ன வீடியோவை. அதற்கு மேல் நகரவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இருங்க, ஒண்ணு காட்றேன். நீங்களும் அதுல கீறீங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஒரு எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்தார். "பெரியவன் போன மாசம் வாங்கிக் குடுத்தான். இதையும் அவன்தான் எடுத்து வெச்சான். வேற ஒண்ணும் எனக்கு அமுக்கத் தெரியாது."

நான் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னத் திரையிலும் ஸ்பிரிங் துல்லியமாகத் தெரிந்தது. எஸ்தரக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில் நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த எடத்துல எல்லாம் தூரத்துல நின்னுகினு கத்திகினு இருப்பாரு தம்பி. மொகமே தெரியாது. நீங்க மைக்க புடிச்ச அப்புறந்தான் கிட்ட வர்றாரு. பாருங்க, இப்ப பாருங்க."

கொட்டை தெறித்தது. தாவீது அண்ணன் சொன்னார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எஸ்தரக்காவின் விரல் திரையைத் தொட்டுப் பின்னுக்குத் தள்ளியது. கொட்டை மறுபடி தெறித்தது. அவர் மறுபடி சிரித்தார்.

"வூட்ல இப்டி ஒரு நாளு சிரிச்சி நான் பாத்ததில்ல. முப்பத்தஞ்சு வருசம். உம்முனு வருவாரு, சாப்புடுவாரு, போவாரு. வெளிய இப்டி சிரிச்சிகினு இருந்திருக்காரு பாரு, கள்ளன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "தெனம் ஒரு வாட்டி பாப்பேன். ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி."

தினம் ஒரு வாட்டி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு. நான் கணக்குப் போட்டேன். சென்னை அதிகாரி எழுந்து போனார். கோயம்புத்தூர்க்காரன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஆமா, இன்னாத்துக்கு வந்தீங்கன்னு சொல்லவே இல்லையே?"

"அதான்க்கா. இதைப் பாக்கலாம்னுதான்."

ஒரு படி மல்லாட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தார். ஸ்கூட்டர் அருகில் வந்து நின்று, யோசித்தால் மாறிவிடுவேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல், வீடியோவை நிவேதிதாவுக்கு அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"சார், நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களே?"

"அது கோயிலுக்குப் படைச்சதும்மா. காட்டினதா எனக்குத் தோணவே இல்ல."

"ஏலம் விட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"எல்லாத்தையும் கழட்டி வேற காட்டியிருக்கீங்க."

"நல்லா தெரியுதாம்மா?"

"ரொம்ப நல்லா தெரியுது சார்," என்று பெருமூச்சு விட்டார். வீடியோவை மறுபடி ஓட்டும் சத்தம் கேட்டது. "அந்தத் திருகுச் சக்கரம் இதுல இல்லையே?"

"அது அண்ணாமலை குறை சொன்ன அப்புறம் சேத்தது."

"அப்ப அது ஒண்ணை வெச்சுத்தான் பேச முடியும். மத்ததை நாமே விட்டுக்கொடுத்துடுவோம். வீடியோவைப் பத்தி நானே அதிகாரிகிட்ட சொல்லிடறேன். சக்கரம் மட்டும் போதும்னு சொல்வாங்களான்னு தெரியாது சார்."

ஹியரிங்

மேலே சட்டை, கீழே லுங்கி. மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா கதவுக்குப் பின்னால், முட்டுக்கொடுத்திருந்த பழைய கருவி ஒன்றைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி மென்மையாகப் பேசுகிறவர். அது இன்னும் பயத்தைக் கொடுத்தது. நிவேதிதா சக்கரத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, எதையும் மறைக்காமல், பந்தல், ஏலம், வீடியோ எல்லாவற்றையும் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்களே இதை வெளியில சொல்றீங்களா?"

"ஆமாங்க," என்றேன். ஏழு நிமிடம் பேசியவனுக்கு ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

"சரி, இணைப்பை அனுப்புங்க. பாத்துட்டு உத்தரவு போடறேன்."

உத்தரவு இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். இப்போதெல்லாம் உத்தரவு தபாலில் வராது, மின்னஞ்சலில்தான் வரும் என்று நிவேதிதா சொல்லியிருக்கிறார். இருந்தாலும் போகிறேன். பட்டறைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அண்ணாமலை போனில், "அக்கம்பக்கத்துல எல்லாம் வாங்கினு போயி ஒடச்சிகினு இருக்காங்க சார், இன்னொண்ணு எப்ப வரும்?" என்கிறார். எனக்குத் தெரியவில்லை.

ஹியரிங்குக்கு மறுநாள் வீடியோவை எடுத்துப் பார்த்தேன். அது புதன்கிழமை. எஸ்தரக்கா கணக்குக்கு முந்தின நாளைவிட ஒன்றுதான் ஏறியிருக்க வேண்டும். இரண்டு ஏறியிருந்தது. அரசாங்கச் செலவில் தாவீது அண்ணன் ஒருமுறை சிரித்திருக்கிறார்.